முடக்குவாதமும் கரையாத ரத்தக் கட்டியும்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

முடக்குவாத நோயாளிகளின் உடலில், உறைந்த ரத்தத்தைக் கரைத்துக்கொள்ளும் சக்தி குன்றியிருக்கிறது என்ற செய்தியைக் கேள்வியுற்ற பலர், அச்சக்தியை அளக்கும் பரிசோதனையை ஒவ்வொருவருக்கும் செய்ய வேண்டாமா, ஆஸ்பிரினையேனும் முன்கூட்டிக் கொடுத்துவைக்க வேண்டாமா என்று எங்களை வினவி வருகின்றனர். இவ்விரண்டும் எல்லோருக்கும் வேண்டுவதில்லை என்பதும், அபாயத்துக்கு மூலமாகிய அழற்சியை அடக்குவதே பிரதான சிகிச்சை என்பதும் எங்கள் தீர்மானம்.

செய்தி பொய்யன்று. சாதாரணமாகக் காயம் ஆறியதும், ஃபைப்ரின் என்னும் புரத இழைகளால் ஆன கட்டியைப் பிளாஸ்மின் என்ற என்ஸைம் சிறிது சிறிதாக அறுத்து அகற்றிவிடுகிறது. ஆனால் முடக்குவாதம் உக்கிரமாயிருக்கும் காலத்தில், இண்டர்லூக்கின்-6 முதலிய அழற்சிப் பொருள்களின் தூண்டுதலால் கல்லீரல் ஃபைப்ரினோஜெனை மிகுதியாக உற்பத்தி செய்வதாலும், பிளாஸ்மின் தோன்றுவதைத் தடுக்கும் பி.ஏ.ஐ.-1 என்ற புரதம் பெருகுவதாலும், கட்டியின் இழைகள் நெருக்கமாக நெய்த துணியைப்போல் இறுகி, கரைக்கும் பொருளுக்கு இடங்கொடாமல் நிற்கின்றன. போலந்து நாட்டுக் கிராக்கோ நகர ஆராய்ச்சியாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இந்த விகாரத்தை எடுத்துக்காட்டிற்று. ஆழ்சிரைகளிலும் நுரையீரலிலும் கட்டி அடைத்துக்கொள்ளும் அபாயமும் இந்நோயாளிகளுக்குப் பிறரைவிட ஏறத்தாழ 2 மடங்கு.

ஆயினும், கட்டி கரையும் நேரத்தை அளக்கும் முறை ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் வேறுபடுவதால், அந்த எண்ணைக் கொண்டு இன்னாருக்கு இன்ன மருந்து என்று நிர்ணயிக்க இயலாது. கட்டி உண்டா என்று அறியச் செய்யும் டி-டைமர் பரிசோதனையோ, கட்டியே இல்லாதபோதும் மூட்டழற்சியின் காரணமாகவே உயர்ந்து காணப்படும். வலி மாத்திரைகளையும் பிரெட்னிசோலோனையும் ஏற்கெனவே உட்கொள்ளும் ஒருவருக்கு ஆஸ்பிரினையும் சேர்த்துக் கொடுப்பது இரைப்பையில் ரத்தக்கசிவை வருவித்துக்கொள்ளும் வழியாகும். இருதய நோய் முதலிய தனிக் காரணம் உள்ளவர்களுக்கே அது உரியது. கட்டியைக் கரைக்கும் என்று விற்கப்படும் நாட்டோகைனேஸ் போன்ற வில்லைகளை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. மெதோட்ரெக்ஸேட் முதலிய மருந்துகளால் நோயை விரைவில் தணிப்பதும், ஸ்டீராய்டை இயன்றவரை குறைந்த அளவில் குறுகிய காலத்தில் முடித்துக்கொள்வதும், புகைப்பதை நிறுத்துவதுமே உபாயங்கள்.

மருந்துத் தேர்விலும் ஓர் எச்சரிக்கை அவசியம். 50 வயதைக் கடந்து, இருதய அபாயக் காரணம் ஒன்றேனும் உடைய 4,362 பேரிடம் நடத்தப்பெற்று 2022 ஜனவரியில் வெளியான ஆய்வில், டி.என்.எஃப். எதிர்ப்பு ஊசி பெற்றவர்களைவிட, டோஃபாசிடினிப் என்னும் முடக்குவாத மாத்திரையை நாளொன்றுக்கு இருமுறை 10 மில்லிகிராம் வீதம் உட்கொண்டவர்களுக்கு நுரையீரல் அடைப்பு மிகுந்து காணப்பட்டது. அம்மருந்தை விலக்கவேண்டும் என்பது எங்கள் கருத்தன்று. முன்பு கட்டி ஏற்பட்டதுண்டா என்று கேட்டறியாமல் அதனை எழுதிக்கொடுப்பதையே ஆட்சேபிக்கிறோம்.

இவையனைத்தினும் எங்களுக்குக் கவலை தருவது வேறொன்று. முழங்காலின் பின்புறத்து நீர்ப்பை, பேக்கர் கட்டி எனப்படுவது, வெடித்தாலும் கெண்டைக்கால் வீங்கிச் சிவந்து வலிக்கும். ஆழ்சிரையில் கட்டி அடைத்தாலும் அவ்வாறே. வாதத்தின் வேலைதான் என்று நோயாளியும் வைத்தியரும் சமாதானம் கொள்வது இங்கே உயிருக்கே ஆபத்தாய் முடியலாம். ஆகையால், ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிய முடக்குவாத நோயாளிக்கு அன்றைக்கே டாப்ளர் ஸ்கேன் செய்விக்க வேண்டும். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ உடன் இருந்தால், ஸ்கேனுக்குக்கூடக் காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும்.