கல்லாவில் இருப்பதெல்லாம் லாபமல்ல

வியாபாரம் நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதே நொடித்துப்போகும் கடைகள் நம் கடைவீதிகளில் ஏராளம். பெரும்பாலும் காரணம் கல்லாவிலேயே இருக்கிறது. நாளொன்றுக்கு 4,000 ரூபாய்க்கு விற்கும் ஒரு டிபன் கடையில் மளிகை, கேஸ், கூலி, வாடகை போக 600 ரூபாய் மிஞ்சுவதாக வைத்துக்கொள்வோம். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் கல்யாண மொய்யும் மருந்துச் செலவும் அதே கல்லாவிலிருந்து போகும்போது, லாபம் எப்போது தீர்ந்தது, முதலில் எப்போது கைவைத்தோம் என்பது உரிமையாளருக்கே தெரிவதில்லை. மறுநாள் சரக்கெடுக்கப் பணமில்லாதபோதுதான் தெரிகிறது. அடுத்த வழி தண்டல்.

தண்டலில் 10,000 ரூபாய் கடன் என்றால் 1,500-ஐ முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 8,500 தருவது பல இடங்களில் வழக்கம். தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாளில் அடைக்க வேண்டும். வாங்குபவருக்கு இது 15 சதவீத வட்டியாகத் தெரிகிறது. ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிப் போய்க்கொண்டிருப்பதால், வாங்கிய தொகையில் சராசரியாகப் பாதிதான் அவர் கையில் புழங்குகிறது. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வட்டி ஏறக்குறைய 120 சதவீதம். எந்த டிபன் கடை இதைத் தாங்கும்?

இதற்கு மருந்தாக நாம் நடத்தும் பயிற்சி முகாம்களில் இருப்புநிலைக் குறிப்பும் தேய்மானமும் பாடமாகின்றன. டொமினிக்கன் குடியரசில் சிறுதொழில் செய்வோரிடம் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான ஆய்வு ஒன்று இந்த முறையைக் கேள்விக்குள்ளாக்கியது. ஒரு பிரிவினருக்கு முறையான கணக்கியல் கற்றுத்தரப்பட்டது. அவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. மற்றொரு பிரிவினருக்குக் கடைப்பணத்தையும் வீட்டுப்பணத்தையும் தனித்தனியே வைப்பது போன்ற எளிய விதிகள் மட்டும் சொல்லித்தரப்பட்டன. அவர்களுடைய கணக்குப் பழக்கம் சீரானது. மந்தமான வாரங்களிலும் விற்பனை முன்பைவிட மேம்பட்டது. நம் முகாம்களும் இந்த வழிக்கு மாற வேண்டும். இரண்டு பெட்டி, உரிமையாளருக்கு மாதம் ஒரு நிலையான சம்பளம், அன்றாட வரவு செலவுக்கு ஒரு நோட்டு: தொடக்கத்துக்கு இவ்வளவு போதும்.

சிக்கல் கடன் கிடைக்காததுதான், அறிவுக் குறைவல்ல என்று சிலர் வாதிடுகிறார்கள். அதில் பாதி உண்மை. விவரம் தெரிந்தவர்கூட வங்கி கைவிரித்தால் தண்டலுக்குத்தான் போவார். ஆனால் வங்கி கைவிரிப்பதற்கு முதன்மையான காரணங்களில் ஒன்று, காட்டுவதற்குக் கணக்கு இல்லாதது. கடைக்கென்று தனி வங்கிக் கணக்கும் அதில் ஓராண்டு வரவும் இருந்தால் பேச்சு வேறாகிறது.

கடன் தருபவர்களுக்கும் பொறுப்பு உண்டு. எல்லாக் கட்டணங்களையும் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் செலவாகும் என்பதைக் காட்டும் விவரத்தாளை, சிறு தொழில்களுக்கான தவணைக் கடன்களிலும், கடன் பெறுபவருக்குப் புரியும் மொழியில் ஒப்பந்தத்துக்கு முன்பே தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. ஆங்கிலத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவது இந்த விதிக்கு முரணானது. மாவட்டத் தொழில் மையங்கள் தங்கள் பரிந்துரையில் கடன் பெறும் ஒவ்வொருவரும் அந்தத் தாளைப் படித்துப் புரிந்துகொண்டதை உறுதி செய்ய வேண்டும்.

கடன் வாங்கப் போகும் வணிகர்கள் அந்தத் தாளைத் தமிழில் கேட்டு வாங்குங்கள். அதைக் காட்டாமல் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.