"இருவர் கூடாரம்" என்பது யார் போட்ட கணக்கு?



சென்ற பள்ளி விடுமுறைக்குச் சில நாள்களுக்கு முன், எங்கள் வகுப்புப் பெற்றோரின் புலனக் குழுவில் ஒரு தந்தையார் கேட்டிருந்தார்: "டீச்சர், மகனோட முகாம் போகலாம்னு இருக்கேன். கார்லதான் போவோம், எப்பவாவது மலை ஏறுவோம். ரெண்டு பேர் கூடாரம் எது மலிவு?" ஐந்தே நிமிடத்தில் பதில்கள் குவிந்தன. பேரங்காடியில் எழுபது ரிங்கிட் என்றார் ஒருவர். இணையத்தில் ஐம்பதுக்கே கிடைக்கிறது என்றார் இன்னொருவர். "ஒரு ராத்திரிதானே டீச்சர், எதுவா இருந்தா என்ன?" என்று முடித்து வைத்தவரோ என்னைப்போல் ஓர் ஆசிரியர்!

அந்தக் கடைசி வரிதான் என்னை எழுத வைத்தது. அந்த 'ஒரு ராத்திரி' எப்படிப்பட்டது என்பதை நான் அறிவேன்.

என் மகனுக்கு அப்பொழுது எட்டு வயது. நெகிரி செம்பிலானில் ஓர் ஆற்றங்கரைக்கு அவனை அழைத்துச் சென்றேன். அட்டைப்பெட்டியின் மேல் ஐரோப்பியக் குடும்பம் ஒன்று புல்வெளியில் சிரித்துக்கொண்டிருக்கும் படம். உள்ளே ஒற்றைத் துணியாலான ஒரு கூடாரம். உச்சியில் மட்டும் தொப்பிபோல ஒரு சிறு மழைத்துணி. பயிற்சிக் கல்லூரிக் காலத்துப் 'பினா இன்சான் குரு' முகாம்களில் கூடாரம் அடித்துப் பழகியவள் என்னும் இறுமாப்பு எனக்கு. இரவு இரண்டு மணிக்கு மழை பிடித்தது. முதலில் தையல் வழியே சொட்டியது. பிறகு பக்கத்துணி நனைந்து எங்கள் தோளில் ஒட்டியது. அதன்பின் தரை ஊறியது. விடியும்வரை மகிழுந்துக்குள் ஈர உடையோடு உட்கார்ந்திருந்தோம். "அம்மா, வீட்டுக்குப் போலாம்மா" என்றான். அதன்பின் இரண்டு ஆண்டுகள், முகாம் என்ற சொல்லை எடுத்தாலே அறைக்குள் போய்விடுவான். காட்டை நேசிக்கக் கற்றுக்கொடுக்கப் போய், காட்டை வெறுக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு வந்தேன். அந்த எழுபது ரிங்கிட்டின் உண்மையான விலை அதுதான்.

முதலில் 'இருவர்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். எந்த இருவர்? சாதாரணப் படுக்கைப்பாயின் அகலம் 51 சென்டிமீட்டர். சற்று அகலமான வகை 64 சென்டிமீட்டர். அகலப் பாய் இரண்டைப் பக்கம் பக்கமாக விரித்தால் 128 சென்டிமீட்டர். 'இருவர்' என்று விற்கப்படும் பல கூடாரங்களின் தரை அகலமோ 130 சென்டிமீட்டரை ஒட்டியே நிற்கிறது. மீதி இரண்டு சென்டிமீட்டரில் பையை வைப்பீர்களா, காலணியை வைப்பீர்களா, தூக்கத்தில் உதைக்கும் பிள்ளையின் காலை வைப்பீர்களா? சில கூடாரங்கள் தலைமாட்டில் அகன்று கால்மாட்டில் குறுகும். விளம்பரமோ அகன்ற அளவை மட்டும் சொல்லும். இது பொய்யன்று, ஆனால் நேர்மையும் அன்று. இரு பெரியவர்கள் வசதியாகப் படுக்க வேண்டுமென்றால் 'மூவர்' என்று எழுதியதைப் பாருங்கள். ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் என்றால் இருவர் கூடாரம் போதும். ஆனால் வாசலுக்கு வெளியே மழைத்துணி நீண்டு ஒரு சிறு தாழ்வாரம் அமைந்திருக்க வேண்டும். ஈரக் காலணியும் பையும் அங்கே கிடக்கட்டும்.

அடுத்து மழை. நம் நாட்டில் கூடாரம் என்பது குளிருக்கு எதிரான வீடன்று; மழைக்கும் புழுக்கத்திற்கும் எதிரான வீடு. கடைக்காரர்களும் இதைச் சொல்வதில்லை, வாங்குவோரும் கேட்பதில்லை. நமக்கு வேண்டியது இரண்டடுக்குக் கூடாரம்: உள்ளே கொசுவலை, வெளியே தரைக்கு அருகில்வரை இறங்கும் முழு மழைத்துணி, இரண்டுக்கும் இடையே காற்றோட்டம். ஒற்றை அடுக்கில் மழையே பெய்யாவிட்டாலும் நனைவீர்கள். இருவர் இரவெல்லாம் விடும் மூச்சின் ஈரம் துணியில் படிந்து விடியற்காலையில் சொட்டும். "கூடாரம் ஒழுகுகிறது" என்று புலம்புவோரில் பலர் தம் மூச்சுக்காற்றிலேயே நனைந்தவர்கள்!

மழைத்துணியின் விவரச் சீட்டில் மில்லிமீட்டரில் ஓர் எண் இருக்கும். துணியின்மேல் எவ்வளவு உயரத்திற்கு நீர் நின்றால் கசியத் தொடங்கும் என்பதே அதன் பொருள். 1500க்குக் குறைந்ததை நான் தொடமாட்டேன். எண் மட்டும் போதாது. தையல்களின்மேல் உட்புறம் நாடா ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒட்டப்படாத தையல் ஆயிரம் ஊசித்துளைகளைக் கொண்ட சல்லடை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான மழைத்துணிகளின் உட்புறம் பாலியூரித்தேன் பூசப்பட்டிருக்கும். நம் வெப்பமும் ஈரமும் சேர்ந்து அந்தப் பூச்சை மெல்லச் சிதைக்கும். நீராற்பகுப்பு என்று அறிவியல் பாடத்தில் படித்ததுதான். துணி பிசுபிசுக்கும், புளித்த வாடை வீசும், பூச்சு செதிலாக உதிரும். ஈரத்தோடு சுருட்டிப் பையில் திணித்து மகிழுந்தின் பின்பெட்டியில் மாதக்கணக்கில் போட்டு வைத்தால் விலையுயர்ந்த கூடாரமும் தப்பாது. வீடு திரும்பியதும் நிழலில் காயவைத்து, தளர்வாக மடித்து வையுங்கள். சிலிக்கோன் பூசிய துணிக்கு இந்தத் தொல்லை இல்லை, பணப்பைக்குத்தான் தொல்லை.

இப்பொழுது அந்தத் தந்தையார் கேட்ட முக்கியமான வினாவுக்கு வருகிறேன். மகிழுந்துக்கும் மலைக்கும் ஒரே கூடாரம் ஆகுமா? ஆகும், ஆனால் தோளை நினைத்து வாங்க வேண்டும். மகிழுந்துக்கு எடை ஒரு பொருட்டே இல்லை. பேரங்காடிக் கூடாரங்கள் மூன்று கிலோகிராமை எட்டுவது வழக்கம். அதைத் தூக்கிக்கொண்டு உலு லங்காட்டில் நுவாங் மலைக்குப் போய்ப் பாருங்கள்! மலையேறிகள் 'முடிவில்லாச் சாலை' என்று கேலி செய்யும் அந்த ஏற்றத்தில் ஒவ்வொரு நூறு கிராமும் பேசும். இரண்டு கிலோகிராமுக்குள் அடங்கும் கூடாரத்தைத் தேடுங்கள். மழைத்துணியும் கம்புகளும் உங்கள் பையில், உள்வலை பிள்ளையின் பையில் என்று பிரித்துக்கொள்ளலாம். தன் பங்கைச் சுமந்த பிள்ளை மேலே போய்க் கூடாரம் அடிக்கவும் முந்திக்கொண்டு வரும். கம்புகள் அலுமினியமாக இருக்கட்டும். கண்ணாடியிழைக் கம்பு கனம் கூடியது. பிளந்தால் சிராய் கையில் ஏறும். முளை அடிக்காமலே நிற்கும் வகையாகவும் இருக்கட்டும், ஏனெனில் நம் முகாம் தளங்கள் சிலவற்றில் பலகை மேடைமேல்தான் படுக்க வேண்டும். பலகையில் முளையை எங்கே அடிப்பது?

மலிவைத் தேடுவோரை மட்டும் சாடினால் நியாயமாகாது. 'நான்கு பருவக் கூடாரம்' என்று ஆயிரத்துக்கு மேல் கொட்டி வாங்கிப் பெருமை பேசும் அன்பர்களும் உளர். அந்த நான்காம் பருவம் பனிக்காலம், ஐயா! பனிச்சுமையையும் பனிக்காற்றையும் தாங்கத் தைத்த அந்தக் கூடாரத்தில், போர்ட்டிக்சன் கடற்கரையில் படுத்தால் அவிந்துபோவீர்கள். கேமரன் மலையின் குளிருக்குக்கூட ஒரு கம்பளிச் சட்டை போதும்.

"எல்லாரிடமும் அவ்வளவு பணம் இருக்கிறதா டீச்சர்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மூன்று நான்கு பிள்ளைகளை வைத்துக்கொண்டு மாத இறுதியை எண்ணும் பெற்றோரை நான் ஒவ்வொரு நாளும் பள்ளி வாசலில் பார்க்கிறேன். அவர்களை ஐம்பது ரிங்கிட் கூடாரத்தை வாங்கச் சொல்வதுதான் எனக்குக் கொடுமையாகப் படுகிறது. ஒரு மழையில் அது குப்பைக்குப் போகும், மறுபடி ஐம்பது. நான் அறிந்த ஒரு பள்ளியின் கிடங்கில், ஒரே முகாமுக்காக வாங்கிய இருபது மலிவுக் கூடாரங்கள் பூஞ்சை பிடித்துக் கிடந்ததைக் கண்டிருக்கிறேன். அந்தப் பணத்தில் நான்கு நல்ல கூடாரங்கள் வாங்கிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பொறுப்பில் இரவல் கொடுத்திருந்தால் எத்தனை குடும்பங்கள் பயன்பெற்றிருக்கும்! புத்தகத்தை இரவல் கொடுக்கும் நமக்குக் கூடாரத்தை இரவல் கொடுக்கத் தெரியாதா?

மேலும் ஒன்று. 2022 திசம்பர் 16ஆம் நாள் அதிகாலை பத்தாங்காலியில் முகாம் தளத்தின்மேல் மண் சரிந்து 31 பேர் மாண்டனர், பலர் பிள்ளைகள். எந்தக் கூடாரமும் மலையைத் தாங்காது. தளத்திற்கு உரிமம் உண்டா, சரிவின் அடியில் இருக்கிறதா, ஆற்றுமட்டத்திற்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போங்கள். மழைக்காலமாக இருந்தால் போகவே வேண்டா.

அந்தத் தந்தையாருக்குக் குழுவில் இவ்வளவும் எழுதவில்லை. மகனையும் இரண்டு பாய்களையும் கடைக்கு அழைத்துப் போகச் சொன்னேன். கடையிலேயே கூடாரத்தை விரித்து, இருவரும் உள்ளே படுத்து, வாசலை மூடி, பத்து நிமிடம் இருந்து பார்க்கச் சொன்னேன். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போகலாம். போன சனிக்கிழமை ஒரு படம் அனுப்பியிருந்தார்: கடைத்தரையில் விரித்த கூடாரத்தின் வாசலில் இரண்டு சோடிக் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அதை வாங்கவில்லையாம், கால் இடிக்கிறதாம்.