பூ வேணும், புழு வேண்டாமோ?

ஐப்பசி மழையோடு யாழ்ப்பாணத்தில் மரநடுகையும் தொடங்கிவிடும். வண்ணத்துப்பூச்சித் தோட்டத்துக்கும் சிரமதானம் எண்டு கிளம்புறம். போனவுடன் என்ன செய்யிறம்? பத்தை எண்டு சொல்லி எருக்கலையை வெட்டி எரிக்கிறம். செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி முட்டையிடுவதே அந்த எருக்கலையில்தான். தேசியையும் கறிவேப்பிலையையும் புழு தின்னுது எண்டு மருந்தடிக்கிறம். நாளைக்குப் பறக்கவேண்டியதே அந்தப் புழுதானே! பிறகு செவ்வரத்தைக்கு முன்னால் நிண்டு படமெடுத்துப் போடுறம்.

முட்டை செட்டை விரிக்க மூண்டு, நாலு கிழமை போதும். அதுவரைக்கும் வெட்டாமல், மருந்தடிக்காமல் பொறுக்க எங்களால் ஏலாதோ? ஆவணி வெயிலில் கன்றுகள் கருகும்போது எங்களில் ஒருத்தரையும் காணேல்லை. ஓட்டை விழுந்த இலையைப் பார்த்துச் சந்தோசப்படப் பழகுவம். அடுத்தமுறை கத்தியை வீட்டில் விட்டிட்டு, ஆவணியில் ஒரு வாளி தண்ணியோடு வாங்கோ.