தினசரி வேதவாசிப்பும் கிறிஸ்தவ ஜீவியமும்

கிறிஸ்தவத் தோழர்கள் நாள் தவறாமல் வேதப்புத்தகத்தை வாசிக்க வேண்டுமென்றும், அப்படி வாசித்து வந்தால் கிறிஸ்தவ ஜீவியத்துக்கு வேண்டிய பாடமெல்லாம் அதிலிருந்தே கிடைத்துவிடுமென்றும் பாதிரிமார்கள் ஓயாமல் சொல்லி வருகிறார்கள். வருஷம் ஒன்றுக்குள் புத்தகம் முழுவதையும் வாசித்து முடிக்க அட்டவணையும் போட்டுக் கொடுக்கிறார்கள். 66 ஆகமங்கள், 1189 அதிகாரங்கள். நாளைக்கு மூன்று நான்கு அதிகாரம் வீதம் வாசித்தால் வருஷக் கடைசியில் தீர்ந்துவிடும். கணக்கு சரிதான். ஆனால் வரவு என்ன என்பதுதான் நம்முடைய கேள்வி.

சில நாட்களுக்கு முன் நாம் கொல்லிமலை அடிவாரத்திலுள்ள காரவள்ளிக்குச் சென்றிருந்தோம். மலை ஏறும் 70 வளைவுச் சாலை அங்கேதான் துவங்குகிறது. மேலே போகும் வண்டிக்காகத் தேநீர்க் கடையில் காத்திருந்தபோது, வயதான ஒரு கிறிஸ்தவத் தோழர் நம்மை இன்னாரென்று தெரிந்துகொண்டு, "ஐயா, நாற்பது வருஷமாய் ஒருநாள் தவறாமல் வேதம் வாசித்து வருகிறேன். நீங்கள் அதை வீண் வேலை என்பீர்களா?" என்று கேட்டார். கோபமாய்க் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்டார். ஆதலால் அவருக்குச் சொன்ன பதிலையே கொஞ்சம் விரித்து இங்கு எழுதுகிறோம்.

வாசிப்பு வீண் என்று நாம் சொல்லவில்லை. புத்தகத்தைச் சூத்திரன் தொடக்கூடாது, காதால் கேட்கவும் கூடாது என்று வைத்திருந்த நாட்டில், எந்த ஜாதியானும் கையிலெடுத்து வாசிக்கட்டும் என்று ஒரு வேதத்தைத் தமிழில் அச்சடித்துக் கொடுத்ததை நாம் குறைவாக மதிக்க மாட்டோம். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். எழுத்தும் படிப்பும் எல்லோருக்கும் சொந்தமென்கிற எண்ணத்துக்கு அது ஒரு துணை. அதற்குரிய மரியாதையை அதற்குக் கொடுப்போம்.

ஆனால் வாசித்தவன் என்ன செய்தான் என்று பார்க்க, அந்தக் கொல்லிமலையையே எடுத்துக் கொள்ளுவோம். ஜெசி பிராண்ட் என்ற ஆங்கிலேயரும் அவர் மனைவி ஈவ்லினும் 1913-இல் மணமுடித்துக்கொண்டு அந்த மலைக்குப் போனார்கள். அப்போது இந்தச் சாலை இல்லை, கால்நடையும் டோலியுந்தான். ஜுரத்துக்குப் பயந்து அதிகாரிகளே தங்க மறுத்த இடம் அது. அங்கிருந்த மலைவாழ் மக்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். ஆகையால் பிராண்ட் தம்பதிகளின் கையிலிருந்த புத்தகம் அந்த மக்களுக்கு வெறும் காகிதம். வந்தவர்களுடைய நடத்தையைத்தான் அவர்கள் வாசித்தார்கள்.

அந்தப் பக்கங்களில் அக்காலத்தில் நரம்புச் சிலந்தி என்ற நோய் இருந்தது. குடிக்கும் தண்ணீரிலுள்ள கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பூச்சியின் வழியாய் உடம்பில் நுழைந்து, ஒரு வருஷம் உள்ளேயே வளர்ந்து, மூன்றடி நீளப் புழுவாய்க் காலைத் துளைத்துக்கொண்டு வெளிவரும். எரிச்சல் பொறுக்காமல் நோயாளி காலைக் கிணற்றுத் தண்ணீரில் வைப்பான். புழு அந்தத் தண்ணீரிலேயே குஞ்சுகளைக் கக்கும். ஊரே அதைக் குடிக்கும்.  இதற்குப் பிராண்ட் செய்த பரிகாரம், யாரும் காலை நனைக்க முடியாதபடி கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பியதும், தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கச் சொன்னதுமாகும். இதே முறைகளாலும் இவை போன்றவைகளாலுந்தான் இந்தியா முழுவதிலும் அந்நோய் தொலைந்தது. கடைசி நோயாளி காணப்பட்டது 1996-இல். நோயற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் ஒப்புக்கொண்டது 2000-இல். இதில் ஜெபத்தின் பங்கு எவ்வளவு, கிணற்றுச் சுவரின் பங்கு எவ்வளவு என்று வாசகர்களே நிதானித்துக் கொள்ளலாம்.

அவர்கள் மருந்தோடு மதத்தையும் கொடுக்கவே போனார்கள் என்பதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் பல வருஷங்கள் உபதேசம் செய்தும் மதம் மாறினவர் இல்லை. அவர்களை எதிர்த்து நின்ற பூசாரி ஒருவர் ஜுரத்தில் விழுந்து, சொந்த ஜனங்களே அண்டாமற் கிடந்தபோது, இவர்கள் போய்ப் பணிவிடை செய்தார்களென்றும், அவர் சாகும்போது தம் குழந்தையை இவர்களிடமே ஒப்படைத்தாரென்றும், அதன் பிறகே மலை மக்களின் மனம் திரும்பிற்றென்றும் அவர்கள் சரித்திரத்தில் சொல்லப்படுகிறது. பேச்சு சாதிக்காததைத் தொண்டு சாதித்தது. 1929-இல் பிராண்ட் அந்த மலையிலேயே ஜுரத்தில் மாண்டார். அந்த அம்மையாரோ மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் மலைக்கே திரும்பி, மட்டக் குதிரைமேல் ஊர் ஊராய்ப் போய் வைத்தியம் செய்து, 1974-இல் தமது 95-ஆம் வயதில்தான் கண்மூடினார்.

இனி அந்தப் புத்தகத்துக்கு வருவோம். லேவியராகமம் 13-ஆம் அதிகாரம், தமிழ் வேதத்தில் குஷ்டரோகம் என்று எழுதப்பட்டிருக்கும் நோயுடையவனைத் தீட்டுள்ளவனென்று சொல்லிப் பாளயத்துக்கு வெளியே தள்ளச் சொல்லுகிறது. பிராண்டின் மகன் பால் பிராண்ட், 1914-இல் பிறந்தவர், டாக்டராகி 1946-இல் வேலூருக்கு வந்தார். குஷ்டரோகியின் மடங்கிப்போன கையைத் தொட்டுப் பார்த்தார். தசைநாரை மாற்றி வைத்துத் தைத்து, விரல்கள் அசையும்படி செய்தார். விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் காயம்பட்டே கெடுகின்றன என்று காட்டினார். தகப்பனும் மகனும் வாசித்ததும் அதே வேதந்தான். அதில் தள்ளிவை என்ற அதிகாரமும் இருக்கிறது, நோயாளியைத் தொட்ட இயேசுவின் கதையும் இருக்கிறது. இவர் ஒன்றை விட்டு ஒன்றை எடுத்துக்கொண்டார். எதைக் கொண்டு எடுத்தார்? தம் அறிவையும் இரக்கத்தையும் கொண்டுதான்.

இந்த ஒரு சங்கதியை மாத்திரம் கிறிஸ்தவத் தோழர்கள் நன்றாய் யோசிக்க வேண்டுமென்று கேட்டுக் கொள்ளுகிறோம். அடிமைகள் எஜமானனுக்குக் கீழ்ப்படிய வேண்டுமென்கிற நிருபத்தைக் காட்டித்தான் அமெரிக்காவில் நீக்ரோ மக்களை வாங்கி விற்றவர்கள் நியாயம் பேசினார்கள். மனிதரெல்லாம் ஒன்று என்கிற வசனத்தைக் காட்டித்தான் அவ்வடிமைத்தனத்தை ஒழிக்கப் பாடுபட்டவர்களும் பேசினார்கள். ஒரே புத்தகம் இரண்டு கட்சிக்கும் வக்கீலாயிருக்கிறதென்றால், தீர்ப்புச் சொல்லும் நீதிபதி வேறொருவர் இருந்தாக வேண்டும். அந்த நீதிபதிக்குத்தான் நாம் பகுத்தறிவு என்று பெயர் சொல்லுகிறோம்.

நிற்க, நம் நாட்டுச் சபைகளின் யோக்கியதையைக் கவனிப்போம். யாக்கோபின் நிருபம் இரண்டாம் அதிகாரத்தில், பொன் மோதிரம் போட்டவனுக்கு நல்ல ஆசனமும் கந்தையணிந்தவனுக்குக் காலடியும் காட்டுவது குற்றமென்று எழுதப்பட்டிருக்கிறது. இது பல நூறு வருஷங்களாய்க் கோவில்களில் வாசிக்கப்பட்டே வருகிறது. அப்படியிருந்தும் தமிழ்நாட்டில் ஜாதிக்கொரு இடமென்று சபைகளில் பிரித்து உட்கார வைத்தார்கள். பிஷப் வில்சன் 1833-இல் சபையில் ஜாதி கூடாதென்று உத்தரவிட்டபோது, தஞ்சாவூரில் வேதத்தை விட ஜாதியே பெரிதென்று பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். வடக்கன்குளத்தில் ஜாதி பிரிக்கக் கோவிலுக்குள்ளேயே சுவர் இருந்தது. 1910-இல் அதை இடித்ததற்கு மேல்ஜாதிக் கிறிஸ்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். இவையெல்லாம் பழங்கதை என்பீர்களேயானால், எறையூரில் 2008 மார்ச்சில் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள் சமத்துவம் கேட்டதன்மேல் கலகம் மூண்டு, போலீசார் சுட்டு இருவர் மாண்டது எந்தக் காலத்துக் கதை? ஒரே தேவனை ஜெபிப்பவர்கள், ஒரே புத்தகத்தைக் கேட்பவர்கள், பிணம் போகும் பாதைக்காகச் சண்டையிட்டார்கள். அப்படியானால் தினசரி வாசிப்பு காதோடு நின்றுவிட்டதென்றுதானே அர்த்தம்?

இதைப் படித்து இந்து மதத்தார் யாரும் சந்தோஷப்பட வேண்டியதில்லை. கிறிஸ்தவன் தன் வேதத்துக்கு விரோதமாய் ஜாதி பார்க்கிறான். நீங்களோ உங்கள் தர்ம சாஸ்திரத்துக்கு இசைவாகவே பார்க்கிறீர்கள். இராமாயண பாராயணமும் அதைப் படிப்பவனைச் சேரிக்குள் அழைத்துப் போனதாக நாம் காணவில்லை. நம் தோழர்களும் சந்தோஷப்பட வேண்டாம். வாரந்தோறும் நம் பத்திரிகையைப் படித்துவிட்டு, பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடும்போது சொந்த ஜாதியில் மாத்திரம் தேடுகிற சுயமரியாதைக்காரருக்கும், வேதம் வாசித்துவிட்டுத் தனிக் கல்லறை கேட்கிற கிறிஸ்தவருக்கும் என்ன வித்தியாசம்? படிப்பதையே பாராயணமாக்கிக்கொண்டால் எந்தப் புத்தகமும் ஒன்றுதான்.

ஆகவே, காரவள்ளித் தோழரிடம் நாம் சொன்னது இவ்வளவுதான்: "ஐயா, வாசியுங்கள். ஆனால் வாசிக்கிற ஒவ்வொரு வரியையும் நியாயமா என்று கேளுங்கள். நியாயமில்லாததை, வேதமென்பதற்காக ஒப்புக்கொள்ளாதீர்கள். நியாயமானதை அன்று பொழுது சாய்வதற்குள் ஒரு மனிதனிடத்திலாவது நடத்திக் காட்டுங்கள்."

அவர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "எங்கள் ஊரில் இன்றைக்கும் கல்லறை இரண்டுதான் ஐயா" என்றார். வண்டி வந்துவிட்டது. அந்த இரண்டு கல்லறைகளும் ஒன்றாகும் நாளே அவருடைய நாற்பது வருஷ வாசிப்புக்குப் பலன் கிடைத்த நாளென்று நாம் சொல்லுவோம். அதற்கு அவர் முதலடி எடுத்து வைத்தால், ஜெபம் செய்யத் தெரியாத நாமும் அவர் பக்கத்தில் மண்வெட்டியோடு வந்து நிற்கத் தயார்.