போதும், நிறுத்து

என் அக்காவின் கல்யாண வீடியோ கேசட் மூன்று மணி நேரம் ஓடும். 1993-ல் தில்லி ராமகிருஷ்ணபுரத்தில் நடந்த கல்யாணம். நலங்கு, ஊஞ்சல், தாலிகட்டு, பந்தி, நடுநடுவே திரையில் காரணமில்லாமல் உதிரும் ரோஜா இதழ்கள் என்று எல்லாம் உண்டு. ஆனால் எங்களுக்கு முக்கியம் கடைசி நாற்பது விநாடிதான். அதில் அப்பா பேசுகிறார். 1998-ல் அவர் காலமானார். அவர் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. மத்திய சர்க்கார் ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் முன்னால் யார் மைக்கை நீட்டியிருக்கப் போகிறார்கள்?

மண்டப வாசலில் நின்றுகொண்டு, பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பும், சாப்பாட்டுப் பொட்டலம் யாரிடம் இருக்கிறது என்று சொல்கிறார். அடுத்த காட்சியில் அக்கா அழுதபடி காரில் ஏறுகிறாள். அந்தக் காட்சியின் மேல் அப்பாவின் விறைத்த குரல் வந்து விழுகிறது: “போதும், நிறுத்து.” எங்கள் குடும்பத்தில் இது பிரசித்தம். “புக்காத்துக்குப் போற பெண்ணை அழக்கூட விடாத மனுஷன்” என்று அக்கா எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள், பாதி சிரிப்பும் பாதி வருத்தமுமாக.

போன மாதம் நாக்பூரிலிருந்து போன் செய்தாள். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. முந்தின நாள் எல்லோரும் கூடும்போது பழைய வீடியோவைப் போட்டுக் காட்ட ஆசை. “டி.வி.யில போட்டா அப்பா பூசணிக்காய் மாதிரி தெரியறார்டா. யாராவது கையை ஆட்டினா சீப்பு மாதிரி கோடு கோடா வருது. வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே, சரி பண்ணிக் குடு.”

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்பது எங்கள் குடும்பத்தில் நெடுங்காலமாக உலவும் வதந்தி. படித்தது தமிழ் எம்.ஏ. பிழைப்பு மொழிபெயர்ப்பு. பீகார் கிராமத்தில் ஒரு கிழவி போஜ்புரியில் சொன்னதை நிருபர் இந்தியில் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் எழுதுவார். அதை நான் தமிழாக்குவேன். கிழவி உண்மையில் என்னதான் சொன்னாள் என்ற சந்தேகம் என்னைப் பல இரவுகள் உறுத்தியிருக்கிறது. வீடியோ வேலையிலும் கடைசியில் அதே சந்தேகத்தில்தான் வந்து நின்றேன்.

அக்கா அனுப்பிய ஃபைலின் குலம் கோத்திரத்தை விசாரித்தேன். 2008-ல் ஒரு கடையில் கேசட்டை டி.வி.டி.யாக மாற்றியிருக்கிறார்கள். 2016-ல் உறவுக்காரப் பையன் அந்த டி.வி.டி.யை எம்.பி.4 ஆக்கினான். கடைசி ஐந்து நிமிஷத்தை வெட்டி வாட்ஸப்பில் அனுப்பினான். வாட்ஸப் தன் பங்குக்கு இன்னும் சுருக்கியது. என் கையிலிருந்தது பிரதியின் பிரதியின் பிரதி.

தொல்காப்பியம் வழிநூலை நான்கு வகையாகப் பிரிக்கிறது: தொகுப்பது, விரிப்பது, இரண்டும் கலந்தது, மொழிபெயர்ப்பது. ‘கன்வர்ட்’ என்ற ஒரே பொத்தானுக்குள் இதெல்லாம் அடங்கியிருக்கிறது. எது நடக்கிறது என்று தெரியாமலே அழுத்துகிறோம்.

ஏ.வி.ஐ., எம்.பி.4, எம்.கே.வி. என்பவை டப்பாவின் பெயர்கள். உள்ளே இருக்கும் சரக்கு வேறு: எம்பெக்-2, எச்.264 என்று அதற்குத் தனிப் பெயர்கள். போர்ன்விட்டா டப்பாவில் கடலைப்பருப்பு இருக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஃபைல் பெயரின் வாலை மாற்றி எழுதினால் லேபிள்தான் மாறும். டி.வி. ஒரு ஃபைலை ஏற்க மறுத்தால், சரக்கு அதற்குத் தெரிந்ததாகவே இருந்து டப்பா மட்டும் பிடிக்காமல் போயிருக்கலாம். அப்போது சரக்கைத் தொடாமல் டப்பாவை மட்டும் மாற்றலாம். எஃப்.எஃப்.எம்பெக் என்ற இலவச சாஃப்ட்வேரில் ‘காப்பி’ என்று ஆணையிட்டால் சில நிமிஷங்களில் முடிந்துவிடும். தரம் துளியும் குறையாது. ஆனால் வீட்டு உபயோக சாஃப்ட்வேர்கள் பலவும் கேட்காமலேயே பருப்பை எடுத்து மறுபடி அரைத்துவிடுகின்றன. மாவைத் திரும்பப் பருப்பாக்க வழியில்லை.

பூசணிக்காய்க்கு மருந்து சுலபம். நம் நாட்டு வீடியோ பால் முறையைச் சேர்ந்தது. கம்ப்யூட்டரில் அதன் படம் அகலத்தில் 720 புள்ளி, உயரத்தில் 576. புள்ளிகள் சதுரமானவை அல்ல. காட்டும்போது நாலுக்கு மூன்று என்ற விகிதத்தில் காட்ட வேண்டும் என்று ஃபைலுக்குள் ஒரு குறிப்பு இருக்கும். பையனின் மாற்றத்தில் அந்தக் குறிப்பு பதினாறுக்கு ஒன்பது என்று ஆகி, அப்பா அகலமாகிவிட்டார். குறிப்பைத் திருத்தினால் பழைய உருவம் வந்துவிடும்.

சீப்புக் கோடுதான் கொடுமை. பால் முறையில் விநாடிக்கு 25 படம். ஒவ்வொரு படமும் இரண்டு பாதியாக வரும்: முதலில் ஒற்றைப்படை வரிகள், ஐம்பதில் ஒரு பங்கு விநாடி கழித்து இரட்டைப்படை வரிகள். பழைய குழாய் டி.வி. அவற்றை வந்த வரிசையில் காட்டியதால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. கம்ப்யூட்டர் திரை இரண்டையும் ஒருசேரக் காட்டும். அந்த இடைவெளியில் கை நகர்ந்திருக்கும், அதுதான் சீப்பு. வரிகள் கலையாமல் இருக்கும்வரை இரண்டையும் பிரித்து முழுப் படங்களாக்க முடியும். அதற்கு ‘டீஇன்டர்லேஸ்’ என்று பெயர். பையன் பிரிப்பதற்கு முன்பே படத்தின் உயரத்தைச் சுருக்கிவிட்டான். வரிகள் ஒன்றோடொன்று குழைந்துபோயின. இதற்கு எந்த சாஃப்ட்வேரிலும் முழு நிவாரணம் இல்லை.

கடைசிப் பிரதியைப் பழுதுபார்ப்பதை விட்டேன். உ.வே. சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த கதையைப் படித்துப் பட்டம் வாங்கியவன், அக்காவின் பீரோவில் இருக்கும் மூலத்தைக் கேட்க மூன்று நாள் யோசித்தது வெட்கக்கேடு.

கேசட் கூரியரில் வந்தது. வி.சி.ஆர்.தான் கிடைக்கவில்லை. கடைசிவரை அதைத் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபூனாய் நிறுவனமே 2016-ல் நிறுத்திவிட்டது. ஒரு வயதான டி.வி. மெக்கானிக் இரவல் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் கேசட்டின் கண்ணாடி வழியாக டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்தார். வெள்ளைப் பொடி தெரிந்தால் கேசட்டை உள்ளே போடவே கூடாது. ஹெட்டில் ஒட்டிக்கொண்டு நாடாவையும் கெடுக்கும், அடுத்த கேசட்டுக்கும் பரவும். எங்களுடையதில் பூஞ்சை இல்லை, ஓரிடத்தில் மடிப்பு மட்டும். இரண்டு மூன்று தடவைக்கு மேல் ஓட்ட வேண்டாம் என்று எச்சரித்து அனுப்பினார்.

மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்களை ஒரு சின்ன யு.எஸ்.பி. கருவியில் செருகிப் பதிவை ஆரம்பித்தேன். மூன்று மணி நேரம் கழித்து, தவறிய படங்கள் 61 என்று திரையில் ஒரு மூலையில் எழுதியிருந்தது. மூன்று மணி நேரத்தில் இரண்டு லட்சத்து எழுபதாயிரம் படங்கள். அதில் 61 போனால் என்ன என்று விட்டுவிட்டேன். போட்டுப் பார்த்தால் அப்பாவின் உதடு அசைந்து இரண்டரை விநாடி கழித்துக் குரல் வருகிறது. கணக்கும் பொருந்துகிறது. ஒரு படம் 40 மில்லி விநாடி. 61 படம் 2.44 விநாடி. படங்கள் குறைந்ததால் காட்சி முன்னே ஓடிவிட்டது. ஒலி குறையாமல் பின்னால் வருகிறது.

ஒலியும் ஒளியும் பொருந்தாத வீடியோ உங்களிடம் இருந்தால் ஆரம்பம், நடு, முடிவு என்று மூன்று இடத்தில் பாருங்கள். மூன்றிலும் ஒரே அளவு தாமதம் என்றால், ஒலியை அந்த அளவு நகர்த்தினால் தீர்ந்தது. சீராக வளர்ந்துகொண்டே போனால், ஒலியும் ஒளியும் வேறு வேறு கடிகாரத்தில் ஓடியிருக்கின்றன. ஒன்றைச் சற்று இழுக்கவோ ஒடுக்கவோ வேண்டும். திடீரென்று ஓரிடத்தில் தாவினால், அங்கே படங்கள் தொலைந்திருக்கின்றன. பார்ப்பதற்குச் சத்தம் போடும் காட்சியாகத் தேர்ந்தெடுங்கள். சினிமாக்காரர்கள் பலகை தட்டுவது இதற்காகத்தான். கல்யாண வீடியோவில் அதற்குப் பஞ்சமே இல்லை: தேங்காய் உடைப்பது, கெட்டிமேளம்.

நான் இதைச் செய்யாமல், இரண்டாவது வகை என்று நானே தீர்மானித்து ஒலி முழுவதையும் ஒடுக்கினேன். கடைசி சரியாகிவிட்டது. ஆனால் கெட்டிமேளத்தில் கோல் தவிலைத் தொடுமுன்பே சத்தம் கேட்டது. பிறகுதான் பொறுமையாகத் தேடினேன். நாற்பதாவது நிமிஷத்தில் ஒரு தாவல், இரண்டு மணி இருபது நிமிஷத்தில் இன்னொன்று.

கோளாறு நாடாவிலா, கம்ப்யூட்டரிலா? மறுபடி ஓட்டிப் பார்ப்பதுதான் வழி. அதே இடத்தில் வந்தால் நாடா. இடம் மாறினாலோ மறைந்தாலோ கம்ப்யூட்டர். இரண்டாம் முறை வைரஸ் தேடும் சாஃப்ட்வேரை நிறுத்தினேன். கருவியை நேராகக் கம்ப்யூட்டரில் செருகினேன். முன்பு வெளி டிஸ்க்கும் அதுவும் ஒரே இணைப்புப் பெட்டியில் முட்டிக்கொண்டிருந்தன. இந்தத் தடவை தவறியவை 24, எல்லாம் நாற்பதாவது நிமிஷத்து மடிப்பில். அந்த இடத்தில் கடைசியாக வந்த படத்தையே 24 முறை ஒட்டினேன். ஆக, எங்கள் பெரியம்மா ஒருவர் ஏறக்குறைய ஒரு விநாடி கொட்டாவியோடு உறைந்து நிற்பார்.

இதைச் சேதமில்லாத முறையில் சேமித்தேன். சுருக்காத பால் வீடியோ மணிக்கு 75 ஜி.பி. பிடிக்கும். ஆவணக் காப்பகங்கள் பயன்படுத்தும் எஃப்.எஃப்.வி.1 முறை அதைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்துவிடும். ஒரு புள்ளிகூட இழப்பதில்லை. டி.வி.க்கு, போனுக்கு என்று வேண்டிய சின்னப் பிரதிகளை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கெட்டுப்போனால் இன்னொரு முறை எடுக்கலாம். கேசட்டைத் தொட வேண்டாம்.

கெட்டும் போயிற்று. முதல் பிரதி டி.வி.யில் வெறும் ஒலியாக வந்தது, திரை கறுப்பு. சரக்கு எச்.264-தான், டப்பா எம்.பி.4-தான். மூலத்தில் நிறத் தகவல் சற்றுக் கூடுதலாக இருந்தது (4:2:2 என்பார்கள்). மாற்றும்போது சாஃப்ட்வேர் அதை அப்படியே விட்டுவிட்டது. டி.வி.க்கும் பல போன்களுக்கும் 4:2:0 என்ற எளிய முறைதான் புரியும். அதைக் குறிப்பிட்டுச் சொன்னதும் படம் வந்தது. அப்புறம் பென் டிரைவ். 32 ஜி.பி. காலியாக இருந்தும் ஃபைல் பெரிது என்று மறுத்தது. அது ஃபேட்32 முறையில் அமைந்தது. அதில் ஒரு தனி ஃபைல் 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினேன்.

பழைய கேசட்தானே, சின்ன ஃபைல் போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள். சுருக்கும் முறைகள் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் உள்ள மாற்றத்தைத்தான் எழுதுகின்றன. கேசட்டின் மணல் போன்ற இரைச்சல் ஒவ்வொரு படத்திலும் மாறுவதால், சுத்தமான படத்தைவிட அழுக்குப் படத்துக்கே அதிக இடம் வேண்டும். கஞ்சத்தனம் செய்தால் முகம் கட்டம் கட்டமாக உடையும். இரைச்சலை முழுக்கத் துடைத்தாலோ முகம் மெழுகு பொம்மை. அப்பாவின் கன்னத்தில் அன்று காலை சரியாக மழிக்காத தாடி தெரிகிற அளவோடு நிறுத்தினேன்.

எல்லாம் முடிந்து அந்த நாற்பது விநாடியைப் பார்த்தேன். உதடும் குரலும் ஒன்றாக இருந்தன. பஸ், சாப்பாட்டுப் பொட்டலம். பிறகு அப்பா கண்ணைச் சுருக்கி, வீடியோக்காரரின் விளக்குப் பக்கம் திரும்பி, கையை உயர்த்தி, “போதும், நிறுத்து” என்கிறார். அவர் வாய் மூடிய பிறகுதான் அக்கா அழும் காட்சி தொடங்குகிறது. கடைக்காரர் கொடுத்த பழைய டி.வி.டி.யை எடுத்துப் பார்த்தேன். அதிலும் ஏறக்குறைய இரண்டு விநாடி தாமதம்.

அக்காவுக்கு அனுப்பினேன். அன்று ராத்திரியே போன் வந்தது. கொஞ்ச நேரம் பேசவில்லை.

“அப்போ என்கிட்ட அவர் என்னதான்டா சொன்னார்?”

கேசட்டில் அது இல்லை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பஸ்ஸில் ஜன்னலோர சீட் பிடிக்கப் போயிருந்தேன்.