மீட்டர் ஓடாத ஊரில் வந்து இறங்குபவர்கள்

விடிகாலை மூன்றரை மணியிலிருந்து ஐந்தரை மணி வரை கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தின் வாசலில் நின்று பார்த்தால் போதும். நாகர்கோவில், திருநெல்வேலி, மதுரை, திருச்சி என்று தெற்கிலிருந்து இரவெல்லாம் ஓடிவந்த பேருந்துகள் ஆட்களை இறக்கிக்கொண்டே இருக்கும். தூக்கக் கலக்கம், ஒரு கையில் பை, இன்னொரு கையில் குழந்தை. "எங்க சார் போகணும்? தாம்பரமா, மேடவாக்கமா?" என்று நாலைந்து பேர் சூழ்ந்துகொள்வார்கள். தாம்பரம் கிழக்கு என்றால் ஐநூறு. முகத்தைச் சுளித்தால் நானூறு. பையைத் தூக்கிக்கொண்டு நாலடி நடந்தால் முந்நூற்றைம்பதுக்கு ஒரு குரல் பின்னால் வரும்.

அங்கிருந்து தாம்பரம் சுமார் 10 கிலோமீட்டர். தமிழக அரசு 2013 ஆகஸ்டில் நிர்ணயித்த ஆட்டோக் கட்டணப்படி முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். ஆக, பகலில் 123 ரூபாய். இரவு 11 முதல் விடிகாலை 5 வரை ஒன்றரை மடங்கு வாங்கலாம் என்பதால், நான்கு மணிக்கு 185. சரி, அரசுக் கட்டணம் பழசு, அது கட்டாது என்று சொல்லி ஆட்டோ சங்கங்கள் 2025 பிப்ரவரி 1 முதல் தாங்களாகவே ஒரு கட்டணத்தை அறிவித்தனவே, அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 50, பிறகு கிலோமீட்டருக்கு 18. பகலில் 198 வருகிறது. அதற்கும் இரவுக்கான பாதியைச் சேர்த்தால் 297. சங்கம் கேட்கிற கட்டணத்தில்கூட முந்நூறைத் தொடவில்லை. வாசலில் கேட்கப்படும் ஐநூறு எந்தக் கணக்கிலும் சேராதது. இறங்கியவரின் களைப்பை அளந்து சொல்லும் விலை அது.

வெளியூர்க்காரர்கள் ஏமாறாமல் இருக்க அறிவுரை சொல்வதற்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. 'மீட்டர் போடச் சொல்லுங்கள், முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், அடையாளம் தெரியாதவரை நம்பாதீர்கள்.' தாம்பரத்தில் மீட்டர் போடச் சொல்பவர் விடியும் வரை நின்றுகொண்டுதான் இருப்பார். முன்கூட்டியே பேசலாம், ஆனால் என்ன விலைக்குப் பேசுவது என்று அவருக்குச் சொல்ல அங்கே ஒரு பலகைகூடக் கண்ணில் படாது. ஆகவே இந்தக் கட்டுரை பயணிக்கு எழுதியது அல்ல, பதில் சொல்ல வேண்டியவர்களுக்கு எழுதியது.

யார் இந்த வெளியூர்க்காரர்கள்? கழுத்தில் கேமரா தொங்கும் வெள்ளைக்காரர்களை நினைத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் மாமல்லபுரத்துக்குக் காரில் போய்விடுகிறார்கள். தென்சென்னைப் புறநகரில் வந்து இறங்குபவர்கள் வேறு. சானடோரியத்தில் இருக்கும் நெஞ்சக நோய் மருத்துவமனைக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கும் வருகிற நோயாளிகள். குரோம்பேட்டை, பெரும்பாக்கம் பக்கத்துப் பெரிய மருத்துவமனைகளைத் தேடி வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் குடும்பங்கள். வண்டலூர் பூங்காவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரும் சின்ன ஊர்க்காரர்கள். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலத்தோடு ஓடத் தொடங்கிய ராமேஸ்வரம் - தாம்பரம் ரயிலில் வந்து சேரும் வடநாட்டு யாத்திரிகர்கள். கல்லூரியில் சேர வரும் மாணவர்கள், கட்டட வேலைக்கு வரும் தொழிலாளர்கள். சென்னையின் தெற்கு வாசல் தாம்பரம்தான். அந்த வாசலில் காவலுக்கு ஆள் இல்லை.

தந்திரங்கள் பெரிய மூளை வேலை அல்ல. முதலாவது, "பஸ் எல்லாம் போயிடுச்சு, இனிமே ஆறு மணிக்குத்தான்" என்பது. முனையத்துக்குள்ளேயே மாநகரப் பேருந்துக்குத் தனித் தடங்கள் இருக்கின்றன. அங்கே போய்ப் பார்க்கும் முன்பே வாசலில் ஆளை மடக்கிவிடுகிறார்கள். இதற்கு ரயில் பதிப்பும் உண்டு. "இன்னிக்கு லோக்கல் ஓடல சார்." இது பாதி உண்மை என்பதுதான் விஷயம். 2024 ஜூலை, ஆகஸ்டில் தாம்பரம் யார்டு வேலைக்காக மின்சார ரயில்கள் ரத்தானபோது புறநகரே தவித்தது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் பராமரிப்பு என்று சேவையைக் குறைக்கிறார்கள். பொய்க்குக் கொஞ்சம் உண்மை கலந்திருந்தால் நம்புவது எளிது.

அடுத்தது 'ஆளுக்கா, மொத்தமா' தந்திரம். ஏறும்போது "நூறு ரூபா குடுங்க" என்பார். நாலு பேரும் இறங்கும்போது நானூறு கேட்பார். "நான் ஆளுக்குத்தானே சொன்னேன்?" என்ற கேள்விக்கு நடுத்தெருவில் பெட்டியோடு நிற்பவரால் என்ன பதில் சொல்ல முடியும்? ஷேர் ஆட்டோ என்று ஏறி உட்கார்ந்தவரிடம், வேறு ஆள் ஏறாததால் "இது தனி வண்டியாயிடுச்சும்மா" என்று முழுக் கட்டணமும் கேட்பது இதன் ஒன்றுவிட்ட தம்பி.

தாம்பரம் ரயில் நிலையத்தில் இன்னொன்று நடக்கிறது. மேற்கே ஜிஎஸ்டி சாலைப் பக்கம் இறங்கியவர் சேலையூர் போக வேண்டும் என்பார். தண்டவாளத்தைக் கடந்து கிழக்கே போக ஆட்டோ ஊரைச் சுற்ற வேண்டும், அதற்கு ஒரு விலை. நிலையத்தின் நடைமேம்பாலத்தில் ஏறி மறுபக்கம் இறங்கினால் கிழக்குத் தாம்பரம், அங்கிருந்து பேருந்தும் ஷேர் ஆட்டோவும் கிடைக்கும் என்பதை அவருக்குச் சொல்ல யாருமில்லை.

விமான நிலையத்தின் கதை இன்னும் வேடிக்கை. முனையத்துக்கு எதிரே, சாலையைக் கடந்தால் திரிசூலம் ரயில் நிலையம். அங்கிருந்து தாம்பரத்துக்கு 5 ரூபாய் டிக்கெட். உள்ளேயே 2016 செப்டம்பர் முதல் மெட்ரோவும் இருக்கிறது. ஆனால் வெளியே வருகிற பயணியின் காதில் முதலில் விழுவது "டாக்ஸி சார், டாக்ஸி" என்ற முணுமுணுப்புதான். செயலியில் பதிவு செய்த வண்டியைப் பிடிக்க அடுக்குமாடி வாகன நிறுத்தம் வரை பெட்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருப்பதால், அந்த முணுமுணுப்புக்கு வியாபாரம் நன்றாகவே ஓடுகிறது.

செயலியில் அழைத்தால் தப்பலாமா? ஓட்டுநர் போன் செய்து மூன்று கேள்வி கேட்பார். "எங்க டிராப்? எவ்ளோ காட்டுது? கேஷா, ஆன்லைனா?" பதில் பிடிக்காவிட்டால் வரமாட்டார், பயணத்தை ரத்தும் செய்யமாட்டார். நாமே ரத்து செய்துவிட்டு, "மேல அம்பது போட்டுக் குடுங்க" என்கிற அடுத்தவரிடம் தலையாட்டுவோம். மருத்துவமனைப் பக்கத்து அறைத் தரகர்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். "நீங்க சொல்ற லாட்ஜ் ஃபுல்லு, நான் வேற காட்டறேன்" என்று ஆரம்பிக்கும் பேச்சில் கமிஷன் இருக்கிறது என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

இதற்கெல்லாம் வேர் எங்கே? ஆட்டோக்காரரின் குணத்தில் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2013-இல் சென்னையில் பெட்ரோல் எழுபத்தைந்து ரூபாயைச் சுற்றி இருந்தது. இன்று நூறுக்கு மேல். ஓட்டுகிறவர்களில் பலருக்கு வண்டி சொந்தமில்லை. தினவாடகை கட்ட வேண்டும். சொந்த வண்டிக்காரருக்கு ஃபைனான்ஸ் தவணை, இன்ஷூரன்ஸ், எஃப்சி எனும் தகுதிச் சான்று. கிளாம்பாக்கத்திலிருந்து உள்ளே மண்ணிவாக்கம், கொளப்பாக்கம் என்று போனால் திரும்பச் சவாரி கிடைப்பது அதிர்ஷ்டம். 2013-ஆம் ஆண்டுக் கட்டணத்தில் ஓட்டு என்று அவரிடம் சொல்வது நியாயமில்லை. நியாயமில்லாத கட்டணத்தை யாரும் மதிப்பதில்லை. மதிக்கப்படாத கட்டணத்தை வைத்துக்கொண்டு அதிகாரியாலும் யாரையும் பிடிக்க முடிவதில்லை. நியாயமாக இருநூறு கேட்பவரும் சட்டப்படி குற்றவாளி, ஐநூறு பறிப்பவரும் அதே குற்றவாளி. இந்த இருட்டில் நல்லவருக்கும் கெட்டவருக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விட்டது.

2013-இல் கட்டணத்தோடு சேர்த்து, ஜிபிஎஸ்ஸும் ரசீது அச்சடிக்கும் வசதியும் கொண்ட மீட்டரை அரசே இலவசமாகத் தரும் என்றும் அறிவித்தார்கள். அந்த ரசீதைக் கையில் வாங்கிய பயணி யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்.

மற்ற ஊர்களைப் பாருங்கள். கேரளத்தில் 2022 மே முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 30 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 15. மும்பையில் 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சக் கட்டணம் 26 ஆனது, கிலோமீட்டருக்கு 17 ரூபாய்ச் சொச்சம். பெங்களூருவில் 2025 ஆகஸ்டில் இரண்டு கிலோமீட்டருக்கு 36, பிறகு 18. மும்பையில் கட்டணத்தை நிர்ணயிக்கவே கட்டுவா குழுவின் சூத்திரம் இருக்கிறது. எரிபொருள், பராமரிப்பு, விலைவாசி இவற்றை அதில் போட்டால் கட்டணம் வரும். மும்பை ஓட்டுநர்கள் எல்லாரும் மகான்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அங்கே ஏறி உட்கார்ந்தால் மீட்டர் விழுகிறது. நம் ஊரில் மட்டும் ஒவ்வொரு முறையும் பேச்சுவார்த்தை, வேலைநிறுத்தம், 'அரசின் பரிசீலனை'.

சட்டத்தின் பல்லையும் எண்ணிப் பார்த்துவிடுவோம். சவாரிக்கு வர மறுக்கும் ஓட்டுநருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 178-வது பிரிவில் தண்டனை உண்டு. காருக்கு 500 ரூபாய் வரை அபராதம். மூன்று சக்கர வண்டிக்கு? 50 ரூபாய். 2019 திருத்தத்தில் காருக்கான தொகையை 200-லிருந்து 500 ஆக்கினார்கள்; ஆட்டோவுக்கான ஐம்பது அப்படியே நின்றுவிட்டது. ஒரு சவாரியில் முந்நூறு கூடுதலாகப் பறிப்பவரை இந்த ஐம்பது எந்த மூலைக்குத் தடுக்கும்?

புகார் கொடுக்கப் போனால் எல்லைப் பிரச்னை. கிளாம்பாக்கம் முனையத்தைக் கட்டியது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். 88 ஏக்கரில், ஏறத்தாழ 394 கோடி ரூபாயில் கட்டி 2023 டிசம்பர் 30 அன்று திறந்தார்கள். ரயில் நிலையம் இல்லாமலே திறந்தார்கள். அதற்கான வேலையே அடுத்த ஆண்டுதான் தொடங்கியது. ஆட்டோவுக்கு அனுமதி தருவது போக்குவரத்துத் துறை. வாசலில் ஒழுங்கு பார்ப்பது 2022 ஜனவரியில் உருவான தாம்பரம் காவல் ஆணையரகம். 2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சியின் எல்லைக்கு வெளியே இருக்கிறது முனையம். தாம்பரம் ரயில் நிலையத்திலோ படிக்கட்டு வரை ரயில்வே, படிக்கட்டுக்குக் கீழே மாநகராட்சி. ஐந்து வீட்டுக்குப் பொதுவான கிணற்றை யார் தூர் வாருவது என்ற கதை.

இது பணத்தோடு மட்டும் முடிவதில்லை. 2025 பிப்ரவரியில், கிளாம்பாக்கத்தில் பேருந்துக்காகக் காத்திருந்த வெளிமாநில இளம்பெண் ஒருவர் ஆட்டோவில் கடத்திச் செல்லப்பட்டது செய்தியானது. எந்த வண்டி யாரை எத்தனை மணிக்கு ஏற்றிக்கொண்டு போனது என்று வாசலில் பதிவு இருந்தால், அப்படி ஒருவருக்குத் துணிச்சல் வருவதே கடினம்.

செய்ய வேண்டியது என்ன? முதலில், கட்டணத்தை மாற்றுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை சூத்திரப்படி தானாகத் திருத்தப்படும் என்று அரசாணையிலேயே எழுதுங்கள். சங்கம் ஊர்வலம் போகவும் வேண்டாம், அமைச்சர் வாக்குறுதி தரவும் வேண்டாம். புறநகரின் ஒருவழிச் சவாரிக்கு என்று ஒரு சிறு கூடுதல் தொகையை அதிலேயே சேர்த்துவிடலாம். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான் சாத்தியம்.

இரண்டாவது, கிளாம்பாக்கம், தாம்பரம் ரயில் நிலையத்தின் இரு பக்கங்கள், திரிசூலம் ஆகிய இடங்களில் போக்குவரத்துக் காவல்துறையின் பொறுப்பில் ப்ரீபெய்டு ஆட்டோ மையம். அது இருபத்துநான்கு மணி நேரமும் இயங்க வேண்டும். பகல் பத்து மணிக்குத் திறந்து மாலை ஆறுக்குப் பூட்டும் கவுண்டர் இந்த ஊருக்கு உதவாது, ஏனென்றால் பறி நடப்பது விடிகாலையில். சீட்டில் வண்டி எண், ஊர், தொகை மூன்றும் இருக்கட்டும். ஓட்டுநருக்குப் பணம் உடனே கிடைக்கட்டும். மாதக் கடைசியில் பில் போட்டு வாங்கு என்றால் ஒருவரும் வரமாட்டார்.

பலகைகளை நாளைக்கே வைக்கலாம். தாம்பரம், மேடவாக்கம், குரோம்பேட்டை, வேளச்சேரி, விமான நிலையம் என்று இருபது ஊர்களுக்கான கட்டணம், மாநகரப் பேருந்துத் தடம் எங்கே, ரயில் நிலையம் எந்தப் பக்கம், புகார் எண் எது என்பதைத் தமிழ், ஆங்கிலம், இந்தி, வங்கம் ஆகிய நான்கு மொழிகளில் ஆள் உயரத்துக்கு எழுதி, பேருந்திலிருந்து இறங்குபவரின் கண் படுகிற இடத்தில் வையுங்கள். தலைவர்கள் படம் வேண்டாம், இடம் போதாது.

இத்தனை துறைகளையும் ஒரு மேசையில் உட்கார வைக்கவே சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் என்று 2010-இல் சட்டம் போட்டார்கள். பேருந்து, ரயில், மெட்ரோவுக்கு ஒரே செயலி கொண்டுவந்த அந்தக் குழுமம்தான் ஆட்டோக்களின் இந்தப் பொறுப்பையும் ஏற்க வேண்டும்.

அதுவரை வந்து இறங்குபவர்களுக்கு: ஆம்னி பேருந்தில் அதிகக் கட்டணம் வாங்கினால் போக்குவரத்துத் துறைக்கு 1800 425 6151. ரயில் தொடர்பாக 139. வெளிமாநிலத்தவருக்குப் பல மொழிகளில் பேசும் சுற்றுலா உதவி எண் 1363. யுபிஐயில் பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930. ஆபத்து என்றால் 112. ஏறும் முன் வண்டி எண்ணைப் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். தொகையைச் சொல்லும்போது 'மொத்தமா' என்று சத்தமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போன கூட்டம் காணும் பொங்கல் முடிந்த கையோடு ஒரே இரவில் கிளாம்பாக்கத்தில் வந்து கொட்டும். சிறப்புப் பேருந்து எத்தனை என்று வழக்கம்போல அமைச்சர் அறிவிப்பார். அந்த அறிவிப்போடு சேர்த்து, இறங்கியவர்கள் வீடு போய்ச் சேர என்ன கட்டணம் என்பதையும் அவர் சொல்லட்டும். அந்த ஒரு வாரத்துக்காவது இரவு முழுவதும் நாலு காவலரும் ஒரு மேசையும் வாசலில் இருக்கட்டும்.