ஊட்டியில ஒண்ணு, கொடைக்கானல்ல வேற ஒண்ணு: சோலைக்கிளிக்கு என்ன ஆபத்து?

லாங் வீக்எண்ட் வந்தாலே ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வாட்ஸ்அப் குரூப்கள்ல ஒரே கேள்வி: ஊட்டியா, கொடைக்கானலா? உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ரெண்டு ஊருக்கும் இ-பாஸ் வேணும். நமக்கு ரெண்டும் குளுகுளு மலைதான். சோலைக்கிளிக்கோ அவை தனித்தனி உலகங்கள்.

சோலைக்கிளின்னா கிளியா?

இல்லை. மலையாளத்தில் 'கிளி' என்றால் பறவை. குருவியைவிடக் கொஞ்சம் பெரிய, நீல நிறப் பாடும் பறவை இது. மலை உச்சிச் சோலைக்காடுகளின் அடர்ந்த புதர்களுக்குள் தரையோரம் பூச்சி பிடித்து வாழ்கிறது.

ஏன் தனித்தனி உலகம்?

நீலகிரிக்கும் ஆனைமலை, பழனி மலைகளுக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய். அதன் அகலம், ஆவடியிலிருந்து சென்ட்ரல் போகிற தூரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஆனால் குளிர்ந்த சோலையை விட்டு வராத பறவைக்கு அந்தச் சூடான சமவெளி, கடல் மாதிரி. பல லட்சம் ஆண்டுகள் பிரிந்தே இருந்ததால் இருபக்கமும் வெவ்வேறு இனங்கள் உருவாகிவிட்டன. வடக்கே இருப்பது நீலகிரி சோலைக்கிளி. தெற்கே, வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி.

ராபின் விஜயன், சுஷ்மா ரெட்டி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2017-ல் இவற்றுக்கு 'ஷோலிகோலா' என்ற புதிய பேரினத்தையே உருவாக்கினார்கள். செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே, அகத்தியமலைப் பகுதியில் வாழ்வது மூன்றாவது இனம் என்றும் அறிவித்தார்கள்.

என்ன பிரச்னை?

தேயிலைக்காகவும் யூகலிப்டஸ், வாட்டில் மரங்களுக்காகவும் சோலைகளும் புல்வெளிகளும் அழிக்கப்பட்டன. மிச்சமிருப்பவை துண்டு துண்டான காடுகள். நீலகிரி சோலைக்கிளி இப்போது ஐயுசிஎன் சிவப்புப் பட்டியலில், அழியும் ஆபத்தில் உள்ள இனம். வெப்பம் கூடினால் இன்னும் மேலே போகலாம். உச்சிக்கு மேல் இடம் ஏது?

மரம் நட்டா சரியாயிடுமா?

எந்த மரம் என்பதுதான் விஷயம். வாட்டில் தோட்டம் தூரத்திலிருந்து பச்சையாகத் தெரியும். ஆனால் அது சோலை ஆகாது. அந்நிய மரங்களை அகற்றி இயற்கைச் சூழலை மீட்க, தமிழ்நாடு அரசு 2022-ல் தனிக் கொள்கையே வெளியிட்டது.

இதில் அவசரம் ஏன்? நீலகிரியில் இந்தப் பறவை அழிந்தால், கொடைக்கானலிலிருந்து கொண்டுவந்து ஈடுகட்ட முடியாது. அங்கே இருப்பது வேற பறவை.